துரைசானி கேட்ட இலையுதிர்காலம்

சென்ற வாரம் என் பழைய அலுவலகத்துக் கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள், இருவர் பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம், ஆளுக்கொரு பென்சில். அக்டோபர் மாதம் யாரோ பெரிய விருந்தாளி வருகிறாராம். அவருக்குக் காட்ட, சீமையின் இலையுதிர்காலம்போலச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தோட்டம் வேண்டுமாம். இந்தக் கோலாலம்பூரில் அப்படி ஒன்றைச் செய்து காட்டியவர் நீங்கள் ஒருவர்தானாமே, என்னென்ன செடி வைத்தீர்கள், லிஸ்ட் இருந்தால் கொடுங்கள் என்றார்கள்.

புகழ்ச்சி யாருக்குக் கசக்கும்? ஒரு நிமிஷம் அனுபவித்தேன். பிறகு காப்பி கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். லிஸ்ட் இரண்டு உண்டு. ஒன்று நான் போட்டது. அதிலிருந்த செடி ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மற்றது பிழைத்தது, அதை நான் போடவில்லை. அவர்கள் இரண்டாவதை மட்டும் குறித்துக்கொண்டு, நேரமாயிற்று என்று எழுந்துவிட்டார்கள். அலுவலகத்து ஆட்கள் அல்லவா, வேண்டியதை மட்டும்தான் நகல் எடுப்பார்கள். அவர்கள் விட்டுப்போன மீதியை இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு. ரப்பர் விலை விழுந்தபோது கூடவே என் நாற்காலியும் விழுந்தது. நான் களைத்துப்போய்விட்டதாகச் சர்க்கார் என்னைக் கேளாமலே முடிவு செய்து, ஓய்வு கொடுத்து அனுப்பியது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் தோட்டப் பிரிவில் கிராணி. என்னை அங்கே சேர்த்ததற்கு ஒரே காரணம், என் எழுத்து முத்துமுத்தாக இருந்ததுதான். செடிகளின் லத்தீன் பெயர்களைத் தகட்டில் எழுத அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. சேர்ந்த நாளில் எனக்கு அடையாளம் தெரிந்த செடிகள் இரண்டே வகை: கறிவேப்பிலை, கறிவேப்பிலை அல்லாதது. பத்து வருஷத்தில் ஆயிரம் பெயர்கள் எழுதிவிட்டேன். அதில் பாதிச் செடிகளை நேரில் பார்த்ததில்லை. ஆனால் சீமையிலிருந்து வரும் விதைக் கம்பெனிப் படப் புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டைவரை படித்திருந்தேன். படித்தவன் என்று பெயரும் இருந்தது. அதுதான் வினை.

எங்கள் துரையின் பெயர் கிரெய்க். ஆறடிக்கு மேல் உயரம். செடியையே குனிந்து பார்த்துப் பழகியதால், நிமிர்ந்து நின்றாலும் ஏதோ நாற்றைத் தேடுவதுபோலத்தான் இருப்பார். கிள்ளானுக்கு அப்பால் கேரி தீவில் தோட்டத்துச் சின்னத் துரையாக இருந்தபோது தமிழ் கற்றவர். கற்றது ஒரு கங்காணியிடம் என்பதால் அவர் தமிழில் 'நீ' உண்டு, 'நீங்கள்' கிடையாது. ஆண்டவனே வந்தாலும் "வா, குந்து" என்றுதான் சொல்லியிருப்பார்.

காலை ஆறரைக்கு அவருடைய நடை தொடங்கும். எந்தச் செடியையும் விரலால் தொடமாட்டார். பென்சில் நுனியால் இலையைத் திருப்பி, முதலில் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். இலை மேல்பக்கத்தில் பொய் சொல்லும், அடிப்பக்கத்தில் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம். சந்தேகம் வந்தால் சேற்றில் கூலிக்காரன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார், கால்சட்டையைப் பற்றிக் கவலையில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்ப்பார், நடந்ததற்குச் சமாதானம் அதற்குள் எழுதியிருப்பதுபோல. தொப்பி மறுபடி தலைக்கு ஏறும்வரை நாங்கள் மூச்சு விடமாட்டோம். அவரிடம் வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கர்வம் உண்டு. கர்வப்பட வேறு விஷயம் அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அவர் ஏற்படுத்திய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியூர்ச் செடி எது தருவிப்பதானாலும் மூன்று பிரதி எழுதி, மண்டோரிடம் வாசித்துக் காட்டி, அடியில் அவன் கைரேகை வாங்க வேண்டும். மண்டோர் என்றால் தோட்டக் கூலிகளுக்குத் தலைவன். நட்டு வளர்க்கப்போகிறவன் அவன். இந்த மண்ணில், இந்த மழையில் அது பிழைக்கும் என்று அவன் ஒப்பினால்தான் துரை கையெழுத்திடுவார். கூலிக்காரனைக் கேட்டுவிட்டுத் துரை கையெழுத்திடும் அலுவலகம் வேறு ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. நல்ல வழக்கம்தான். ஆனால் செடிகள் மொத்தமாகப் பட்டுப்போனால் ரேகை வைத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். காகிதம் மேலிடத்துக்குப் போகும். அப்புறம் வேலை போகும், வேலையோடு, கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடும் போகும்.

எங்கள் மண்டோர் வீராச்சாமி. பதினெட்டு வருஷமாக அந்த வேலை. மனைவி அஞ்சலை, நாலு பிள்ளைகள், லயத்தில் கடைசி வீடு. அஞ்சலையும் எங்கள் ஆள்தான். குன்றின்மேல் இருந்த பெரிய பங்களாவையும் அதற்குப் போகும் சாலையையும் கூட்டுவது அவள் வேலை.

அந்தப் பங்களாத் துரைசானி ஏழு வருஷமாகச் சீமைக்குப் போகவில்லை. ஒரு விருந்தில் கிரெய்க் துரையிடம், உறவுக்காரர்களை மறந்துவிட்டேன், பனியை மறந்துவிட்டேன், அக்டோபரை மட்டும் மறக்க முடியவில்லை என்றாளாம். வாக்குக் கொடுக்காத மனிதர், வரும் அக்டோபரில் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, செடிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் படப் புத்தகங்களில் மூழ்கினேன். ஆஸ்டர், டாலியா, இன்னும் வாயில் நுழையாத எட்டு வகை, எல்லாவற்றுக்கும் மேலாக ஜப்பானிலிருந்து பன்னிரண்டு மேப்பிள் கன்றுகள். இலையுதிர்காலத்தில் பூக்கும், சிவக்கும் என்று புத்தகம் சொன்னது. எந்த ஊர் இலையுதிர்காலத்தில் என்று நானும் கேட்கவில்லை, புத்தகமும் சொல்லவில்லை.

பிறகு ரேகை வாங்கப் போனேன். வீராச்சாமி மாட்டுக்கொட்டகை ஓரம் எருவைக் கிளறிக்கொண்டிருந்தான். நின்றபடியே லிஸ்ட்டை வாசித்தேன், அத்தனையும் லத்தீனிலும் இங்கிலீஷிலும். எனக்கே என் உச்சரிப்புப் பிடித்திருந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு ரேகை வைத்தான். மண்டோரைக் கேட்டாயா என்று துரை கேட்டபோது, கேட்டேன் என்றேன்.

ஜூலையில் செடிகள் கப்பலில் வந்து சேர்ந்தன. வீராச்சாமி தன் பிள்ளைகளுக்குக்கூட அப்படிச் செய்திருக்கமாட்டான். ஓலைப் பந்தல் போட்டான், மணல் கலந்தான், மேடு கட்டினான். எங்கள் ஊர் மழைக்கு இதெல்லாம் தெரியுமா? ஆஸ்டர் தண்டோடு அழுகியது. டாலியாவின் கிழங்கு களியாயிற்று. மேப்பிள் இலைகள் ஓரம் கருகி, சிவக்காமலே உதிர்ந்தன. அந்த மட்டில் இலையுதிர்காலம் வந்தது உண்மைதான். செப்டம்பர் நடுவில் கிரெய்க் துரை கடைசி மேப்பிள் இலையைப் பென்சிலால் திருப்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். வெகுநேரம் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் வீராச்சாமியை அலுவலகத்துக்கு அழைத்தார். மேஜைமேல் அந்தக் காகிதம். நான் ஓரமாக நின்றேன்.

"இது உன் ரேகைதானே?"

"ஆமா துரை."

"லிஸ்ட்டைக் கேட்டியா?"

"கிராணி ஐயா வாசிச்சாங்க. கேட்டேன்."

"கேட்டு என்ன நினைச்சே?"

"பேரெல்லாம் நல்லா இருந்துச்சு துரை."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தோட்டத்தைக் காட்டத் துரைசானி வைக்கும் தேநீர் விருந்து அக்டோபர் கடைசியில், ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் துரைசானிக்குக் காட்ட ஏதாவது இருந்தால் காகிதத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அது மேலே போவதைத் தன்னால் தடுக்க முடியாது என்று துரை சொன்னார். வீராச்சாமி கும்பிட்டுவிட்டுப் போனான்.

சாயந்தரம் லயத்துக்குப் போனேன், ஆறுதல் சொல்ல. குற்றவாளியே துக்கம் விசாரிக்கப் போவது உலகத்தில் புதிதல்ல. அஞ்சலை வாசலில் விளக்குமாற்றுக்கு ஈர்க்குக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"ஏன் ஐயா, இந்தத் துரைசானி கேக்குதே, அது என்னா காலம்?"

சீமையில் வருஷத்துக்கு ஒரு தடவை மரங்களின் இலையெல்லாம் மஞ்சளாகி, சிவப்பாகி, உதிரும். அந்தக் காலம் என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்புட்டுத்தானா? இதுக்கா கப்பல்ல செடி வந்துச்சு?"

அப்புறம் அவள் பேசியதை முழுவதும் எழுத எனக்குத் திராணியில்லை, மானமும் போதாது. சாரம் இதுதான். சீமையில் எல்லா மரமும் ஒரே மாதத்தில் கொட்டும்போல. இங்கே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மாதம். ரப்பர் மாசி பங்குனியில் கொட்டும். கெத்தாப்பாங் இருக்கிறதே, ஊரில் நாம் வாதாமரம் என்போமே, அது ரத்தச் சிவப்பாகப் பழுத்துத்தான் விழும், ஆனால் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. சாலை முனை மரம் தை மாதம். பாலத்தடி மரம் ஆடி. எந்த மரம் எப்போது கொட்டும் என்று கூட்டுகிறவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கூடை கனக்கிறதே!

"பங்களாவுக்குப் பின்னால, குதிரை லாயத்துக்கிட்ட ரெண்டு நிக்குது பாருங்க. அதுங்க ரெண்டும் தீபாவளிக்குன்னே கொட்டும். பதிமூணு வருசமா ஒரு தீபாவளிக்கு நான் எண்ணெ தேச்சுக் குளிச்சதில்ல, அந்தச் சனியனுங்களக் கூட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அந்த வருஷம் தீபாவளி விருந்துக்கு மறு வாரம்.

நான் திண்டாடிப்போனேன். முன்வாசல் புல்வெளியில் தோட்டம் என்று துரைசானிக்குச் சொல்லியாயிற்று. மரத்தை முன்வாசலுக்குக் கொண்டுவர முடியாதே என்றேன். வீராச்சாமி அப்போதுதான் வாயைத் திறந்தான். மரம் வராவிட்டால் என்ன, தோட்டத்தை மரத்தடிக்குக் கொண்டுபோவோம் என்றான்.

மறுநாள் காலை ஆறரை நடையில் துரையைப் பிடித்தேன். லாயத்து மரங்களைச் சொல்ல வேண்டுமானால் அஞ்சலையைச் சொல்ல வேண்டும். அவளை ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்றால், அவள் புருஷனையே கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சொன்னேன். லத்தீனில் வாசித்ததையும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அலுவலகத்துக்கு நடந்தார், பின்னால் போனேன். காகிதத்தை எடுத்தார், மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"உன் ரேகையை அவன் ரேகைக்குப் பக்கத்தில் வை."

மூன்று மொழியில் கையெழுத்திடத் தெரிந்தவன் நான். கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தேன். பழக்கமில்லாததால் இழுபட்டுவிட்டது. வீராச்சாமியின் ரேகை பக்கத்தில் தெளிவாக இருந்தது. இப்போது காகிதம் மேலே போனால் இரண்டு பேர் வேலையும் போகும் என்றார் துரை. அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அஞ்சலையிடம் பாடம் கேட்க லயத்துக்குப் புறப்பட்டார்.

சென்ற வாரம் வந்த அந்தக் கிராணிப் பிள்ளைகள் எனக்குக் கொடுத்த பட்டம் உண்மையில் யாருக்குச் சேர வேண்டும் என்பதற்கு அடுத்த ஆறு வாரம் சாட்சி. மரம் சிவப்பு, அதனால் கீழே முழுச்சிவப்பு வைத்தால் கண்ணுக்கு எதுவும் பிரிந்து தெரியாது, மஞ்சளும் செம்மஞ்சளும் அதிகம் வேண்டும் என்றாள் அஞ்சலை. துரைக்கு மிகவும் பிடித்தது. செண்டுமல்லியில் குட்டை ரகம் மட்டும், உயரமானது மழையில் ஒடியும் என்று வீராச்சாமி தள்ளினான். நாற்றங்காலில் கைவசம் இருந்த நாற்றுகளை மண்ணெண்ணெய்த் தகரங்களில் நட்டு, ஓலைக்குக் கீழே மறைத்து வளர்த்தான். பின்வரிசைக்குச் செம்பு நிற இலைக் கல்வாழை. ஓரத்துக்குக் குரோட்டன்ஸ், அதிலும் பச்சை மிகுந்ததை ஒதுக்கிவிட்டு மஞ்சள் புள்ளி, செம்மண் நிறம் மட்டும். இடையிடையே வாடாமல்லி, அந்த ஊதா இல்லாவிட்டால் சிவப்பு தனியாக நின்று கத்தும் என்பது துரையின் திருத்தம். செம்பருத்தி வேண்டவே வேண்டாம், அது இந்த ஊர்ப் பூ என்று முகத்தில் எழுதியிருக்கிறது என்றும் துரையே சொன்னார். நல்ல கோழிக்கொண்டைக்காக வீராச்சாமி ரயிலேறிக் கிள்ளான் பக்கத்துத் தோட்ட லயங்களுக்குப் போனான். அங்கே வீட்டுக்கொன்று வாசலில் நிற்கும். பெண்களிடம் கெஞ்சி, மண்ணோடு பெயர்த்து, முப்பது செடியை மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்தான்.

இன்னொன்றும் வீராச்சாமி சொன்னான். மழை மூன்று மணிக்கு வரும், தேநீர் விருந்து நாலு மணிக்கு என்றால் மழைதான் தேநீர் குடிக்கும். காலையில் வைக்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் துரைசானியிடம் போய்ச் சொன்னது கிரெய்க் துரை. விருந்தை முன்வாசலிலிருந்து குதிரை லாயத்துக்கும், மாலையிலிருந்து காலைக்கும் மாற்றச் சொல்லி ஒரு துரை கேட்டிருக்கிறார் என்றால், அது கிரெய்க் துரையாகத்தான் இருக்க முடியும்.

அக்டோபர் பாதி தாண்டியும் மரங்கள் பச்சையாகவே நின்றன. நான் தினம் இரண்டு வேளை போய் அண்ணாந்து பார்த்தேன். அஞ்சலை ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "அப்படி முறைச்சா எது ஐயா பழுக்கும்? வீட்டுக்குப் போங்க" என்றாள். மூன்றாம் நாள் உச்சியில் ஒரு இலை சிவந்தது. ஒரு வாரத்தில் இரண்டு மரமும் பற்றிக்கொண்டன. ஆரஞ்சு, செங்கல் நிறம், ரத்தச் சிவப்பு, ஒரே கிளையில் மூன்றும். ஆயிரம் மரங்களின் பெயரை எழுதியவன், அன்றைக்குத்தான் ஒரு மரத்தைப் பார்த்தேன்.

விருந்துக்கு முதல் நாள் மாலை புயல்போலக் காற்று, பின்னால் மழை. விடிந்ததும் ஓடினேன். வீராச்சாமி எனக்கு முன்பே அங்கே நின்றான். மரத்தில் பாதிக்கு மேல் மொட்டை. செடிகள் மட்டும் தப்பியிருந்தன, தகரங்களை அவன் இரவே லாயத்துக்குள் தள்ளி வைத்திருந்தான். மற்றபடி தரை முழுக்க, லாயத்துக் கூரை முழுக்க, இலை. வீராச்சாமி தகரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்க ஆரம்பித்தான். அவன் முதுகைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பங்களாப் பட்லர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை முகபாவம். இன்னும் மூன்று மணி நேரத்தில் ஜனங்கள் வருவார்கள், இது என்ன குப்பை, உடனே கூட்டு என்று அஞ்சலைக்கு உத்தரவு. அஞ்சலை விளக்குமாற்றைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பதிமூன்று வருஷம் கூட்டியதை அன்றைக்குத்தான் நின்று பார்க்கிறாள் என்று தோன்றியது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"கூட்டமாட்டேன்."

"துரைசானிகிட்ட சொல்லணுமா?"

"சொல்லுங்க. துரைசானி கேட்டது இதத்தான்."

பட்லர் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறந்தேன். கிரெய்க் துரை வரும்வரை ஒரு இலை நகராது என்றேன். துரை வந்தார், ஒரு இலையைப் பென்சிலால் திருப்பினார், அடிப்பக்கத்தைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்துத் தலையசைத்தார்.

துரைசானி விருந்தாளிகளுக்கு முன்னால் தனியாக வந்தாள். லாயத்து மூலை திரும்பியதும் நின்றுவிட்டாள். மேலே மிச்சச் சிவப்பு, கீழே ஈரத்தில் பளபளக்கும் சிவப்பு, நடுவில் செண்டுமல்லி மஞ்சளும் கோழிக்கொண்டையும். அவள் செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தாள். காலுறையோடு இலைகளின்மேல் நடந்து போய், மரத்தடியில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். விருந்தாளிகள் வந்து சேர்ந்து, என்ன செய்வது என்று தெரியாமல் காத்திருந்தார்கள். திரும்பியபோது அவள் துரையிடம் சொன்னது ஒன்றே: ஒரு வாரத்துக்கு யாரும் இதைக் கூட்டக்கூடாது.

காகிதம் மேலே போகவில்லை. செடி விவரத்தைத் துரை தன் கையாலேயே புதிதாக எழுதினார். தேர்ந்தெடுத்தவர் என்ற இடத்தில் வீராச்சாமி, அஞ்சலை என்று இரண்டு பெயர்கள், இரண்டு ரேகைகள். என் பெயர் 'நகல்' என்பதற்கு எதிரே இருந்தது. அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குச் சர்க்கார் உத்தியோகத்தில் கிடைத்ததில்லை.

மறு வாரம், தீபாவளியன்று காலை, லயத்துப் பக்கம் போனேன். வீராச்சாமி வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். மற்ற வீடுகள் எல்லாம் பண்டிகைக்கு அடித்து முடித்துப் பத்து நாள் ஆகியிருந்தன. இவன் மட்டும் சுண்ணாம்பை ஊறவைக்காமல் இருந்தான், யார் குடியிருக்கப்போகிற சுவரோ என்று. அன்றைக்கு அலுவலகத்தில் என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

அவன் மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தான். "நீங்க வாசிச்சப்ப நான் எங்க ஐயா கேட்டேன்? செவலை மாடு கால நொண்டிச்சு, அதயே பாத்துக்கிட்டு இருந்தேன். கேக்காம ரேகை வெச்சது நான்தானே."

சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இன்னொரு மட்டையை எடுத்தேன். அஞ்சலை எண்ணெய்த் தலையோடு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அடித்த இடத்தையும் அவன் அடித்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோடு கோடா விழுது ஐயா," என்றாள். "மேல இருந்து கீழ இழுங்க. அந்த மூலைய விட்டுட்டீங்க."

மூலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.